மொன்றியலில் வழங்கும் ஆங்கில மரபுத்தொடர்கள்: அன்றாடப் பொருளும் பயன்பாடும்

சொற்களுக்குத் தனித்தனியே பொருள் கண்டு கூட்டிப் பார்த்தால் கிடைக்காத ஒரு பொருளை, அச்சொற்கள் சேர்ந்து நின்று தருமானால் அத்தொடரை மரபுத்தொடர் என்கிறோம். 'கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான்' என்றால் ஆள் தலைமறைவாகிவிட்டான் என்பதே பொருள். அங்கே கம்பியைத் தேடுவாரில்லை. 'நன்னூலைக் கரைத்துக் குடித்தவர்' என்றால் அந்நூலை ஐயந்திரிபறக் கற்றவர் என்று பொருள். தமிழில் பிறந்து வளர்ந்தவருக்கு இவற்றை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் இவ்வகைத் தொடர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அம்மொழியைப் பள்ளிப் பாடமாகக் கற்றவருக்கு, சொல் ஒவ்வொன்றும் தெரிந்திருந்தும் தொடர் மட்டும் பிடிபடாமல் போவது இதனால்தான்.

மொன்றியலில் வாழும் தமிழருக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. நம்மவரில் பலர் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ தமிழ்நாட்டிலோ கற்று வந்தது பிரித்தானிய ஆங்கிலம். இங்கே காதில் விழுவது வட அமெரிக்க ஆங்கிலம். அதுவும் பிரெஞ்சு மொழியோடு நெடுங்காலம் ஒரே தெருவில் குடியிருந்த ஆங்கிலம். வேலைத்தலத்தில் மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் ஒரு தொடரைச் சொல்வார். அதே செய்தி கடிதமாக வரும்போது பிரெஞ்சில் இருக்கும். ஒரு தொடரைத் தவறாக விளங்கிக்கொண்டதால் வேலையோ, மருத்துவமோ, வழக்கோ பாதிக்கப்படக்கூடும். ஆகவே அன்றாடம் காதில் விழும் தொடர்களை, அவை வழங்கும் இடத்தை ஒட்டிப் பிரித்து இங்கே தருகிறோம்.

வேலைத்தலத்தில்

வி ஹாவ் டு லெட் யூ கோ: 'உங்களைப் போக விடவேண்டியிருக்கிறது' என்று சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால், இன்று நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் 'உங்களை வேலையிலிருந்து நிறுத்துகிறோம்' என்பதே பொருள். காரணம் என்ன என்பதை இத்தொடர் சொல்வதில்லை. காரணத்தைச் சொல்லும் தொடர்கள் வேறு. 'லெய்ட் ஓஃப்' என்றால் வேலை குறைந்ததால் நிறுத்தப்பட்டவர். அவரைப் பிறகு திரும்ப அழைக்கவும் கூடும். 'ஃபயர்ட்' என்றால் அவர்மீது குறை கண்டு நீக்கப்பட்டவர். இதையே பிரித்தானிய ஆங்கிலத்தில் 'கெட் த சாக்' என்பார்கள்.

இந்த வேறுபாடு பணத்தைத் தொடும் விடயம். வேலை நின்றதும் முதலாளி கொடுக்கவேண்டிய வேலைப் பதிவுச் சான்றில் 16ஆம் கட்டத்தில் காரணம் ஓர் எழுத்தாகக் குறிக்கப்படும். 'ஏ' என்றால் வேலைக் குறைவு அல்லது ஒப்பந்த முடிவு. 'ஈ' என்றால் தானாக விலகியது. 'எம்' என்றால் நீக்கம் அல்லது இடைநிறுத்தம். வேலை குறைந்ததால் நிறுத்தப்பட்டவர், தேவையான மணிநேரம் வேலை செய்திருந்தால் வேலையிழப்புக் காப்புறுதி பெறலாம். தக்க காரணமின்றித் தானாக விலகியவருக்கும், தவறான நடத்தைக்காக நீக்கப்பட்டவருக்கும் அது பொதுவாகக் கிடைக்காது. எனவே 'லெட் கோ' என்ற வார்த்தை காதில் விழுந்தால், என்ன காரணம், எந்த எழுத்து என்று அங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது. பிரெஞ்சுக் கடிதத்தில் 'மீஸ் ஆ பியே' என்றிருந்தால் அது தற்காலிக நிறுத்தம். 'கொன்ஜெடிமாந்' என்றிருந்தால் நீக்கம்.

அண்டர் த டேபிள்: மேசைக்கு அடியில் என்பது நேர்ப்பொருள். கணக்கில் காட்டாமல் கையில் காசாகக் கொடுக்கும் சம்பளத்தை இது குறிக்கும். கியூபெக் பிரெஞ்சிலும் 'மேசைக்குக் கீழே' என்ற தொடர் உண்டு. பொதுப் பிரெஞ்சில் 'கறுப்பில் வேலை செய்தல்' என்பார்கள். வரி பிடிக்கப்படவில்லை என்ற மகிழ்ச்சி சில நாளைக்குத்தான். அப்படிச் செய்த மணிநேரங்கள் எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை. பிறகு காப்புறுதி கேட்கும்போதும், சம்பளப் பாக்கிக்காக முறையிடும்போதும் கையில் சான்று இராது.

கிரேவ்யார்ட் ஷிப்ட்: சுடுகாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நள்ளிரவில் தொடங்கி விடியும்வரை செய்யும் வேலைமுறை இது.

கட் கோர்னர்ஸ்: செய்யவேண்டிய படிகளை விட்டுவிட்டு, ஏனோதானோ என்று வேலையை முடித்தல். 'டோன்ட் கட் கோர்னர்ஸ்' என்று சொன்னால் அது கண்டிப்பு.

புல் அப் யுவர் சொக்ஸ்: காலுறையை இழுத்துவிடச் சொல்லவில்லை, 'இன்னும் முயன்று ஒழுங்காக வேலை செய்' என்கிறார்கள்.

கோல் இட் எ டே: இன்றைக்கு இவ்வளவு போதும் என்று வேலையை நிறுத்துதல். ஒரு காரியத்தை ஒரேயடியாகக் கைவிடுவதற்கும் சொல்வதுண்டு.

பாஸ் த பக்: தன் பொறுப்பை இன்னொருவர் தலையில் கட்டிவிடுதல். சீட்டாட்டத்திலிருந்து வந்த தொடர்.

பாஸ்ட் அவுட்: நேர்முகத் தேர்வுக்குச் செல்வோர் கவனிக்கவேண்டியது. நம் நாடுகளில் 'பேராதனையில் பாஸ்ட் அவுட்' என்றால் அங்கே பட்டம் பெற்றவர் என்று எல்லோருக்கும் புரியும். இங்கே அதே தொடருக்கு மயங்கி விழுந்தார் என்றும், குடித்து நினைவிழந்தார் என்றும்தான் பொருள் கொள்வார்கள். 'கிராஜுவேட்டட்' என்று சொல்வதே பாதுகாப்பு.

மருத்துவமனையில்

மருத்துவமனையில் ஆங்கிலத்தில் கதைக்கும் மருத்துவரும் தாதியும் கடினமான செய்தியை மென்மையாக்க மரபுத்தொடரைத்தான் நாடுவார்கள். நோயாளியின் உறவினர் அதைச் சரியாக விளங்கிக்கொள்வது அவசியம்.

அண்டர் த வெதர்: உடம்புக்குச் சற்று முடியவில்லை. வானிலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெருநோய்க்கு இத்தொடரைச் சொல்வதில்லை.

டச் அண்ட் கோ: தொட்டுவிட்டுப் போவது என்று நினைத்து இலேசான செய்தியாகக் கொள்ளக்கூடாது. 'பிழைப்பாரா என்று இப்போது சொல்ல முடியாது' என்ற கவலைக்கிடமான நிலை இது.

அவுட் ஒஃப் த வூட்ஸ்: காட்டைத் தாண்டியாயிற்று, அதாவது ஆபத்து நீங்கியது. பெரும்பாலும் 'நொட் யெட்' என்பதோடு சேர்ந்து வரும். அப்படி வந்தால் ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்று பொருள்.

பாஸ் அவே: காலமானார். மேலே சொன்ன 'பாஸ் அவுட்' மயக்கம், இது மரணம். ஒரு சொல்தான் வேறுபாடு. தொலைபேசியில் கேட்கும்போது இரண்டையும் மாற்றிக் கேட்டுவிட வாய்ப்புண்டு. திருப்பிக் கேட்பதில் வெட்கமில்லை.

பின்ஸ் அண்ட் நீடில்ஸ்: கை கால் விறைத்து ஊசி குத்துவதுபோல் இருப்பது. மருத்துவர் இதைக் கேட்பது நரம்பு, இரத்த ஓட்டம் பற்றி அறிவதற்காக. 'ஒன் பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்று முன்னால் ஒரு சொல் சேர்ந்தால் பொருள் மாறிவிடும். என்ன ஆகுமோ என்று பதைபதைத்திருத்தல் என்றாகும்.

ஹார்ட்பர்ன்: பெயரில் இதயம் இருந்தாலும் இது இதயநோயைக் குறிப்பதில்லை. இரைப்பை அமிலம் மேலேறுவதால் உண்டாகும் நெஞ்செரிவு. மாரடைப்பின் நெஞ்சு நோவையும் இதையும் குழப்பிச் சொன்னால் மருத்துவர் தவறான திசையில் போகக்கூடும். சந்தேகம் இருந்தால் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டி, 'பெயின்' என்று சொல்வதே மேல். தமிழில் 'வயிறு எரிகிறது' என்பதற்கு ஆற்றாமை, பொறாமை என்றெல்லாம் பொருள் உண்டு; அதையும் மொழிபெயர்த்துச் சொன்னால் மருந்துதான் எழுதித் தருவார்கள்.

சார்லி ஹோர்ஸ்: குதிரை இல்லை, கெண்டைக்கால் அல்லது தொடைத் தசை பிடித்துக்கொள்வது. வட அமெரிக்கப் பேஸ்போல் ஆட்டக்காரரிடையே வழங்கத் தொடங்கிய சொல்.

ஃபுரொக் இன் த துரோட்: தொண்டை கட்டிக் குரல் கரகரத்தல். ஆங்கிலேயருக்குத் தொண்டையில் தவளை. பிரெஞ்சுக்காரருக்கோ தொண்டையில் பூனை.

பணமும் கையெழுத்தும்

போல்பார்க் ஃபிகர்: உத்தேசக் கணக்கு. வாகனம் திருத்துபவரோ வீட்டுவேலை செய்பவரோ இப்படி ஒரு தொகை சொன்னால் அது முடிந்த விலை ஆகாது. முடிந்த விலையை எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும்.

ரெயின் செக்: கடையில் மலிவு விலைக்கு விளம்பரம் செய்த பொருள் தீர்ந்துபோனால், பிறகு வந்து அதே விலைக்கு வாங்கத் தரும் சீட்டு. விருந்துக்கு அழைத்தவரிடம் 'ஐ வில் டேக் எ ரெயின் செக்' என்றால் 'இன்று முடியாது, இன்னொரு நாள் பார்ப்போம்' என்ற மரியாதையான மறுப்பு.

ஃபைன் பிரின்ட்: ஒப்பந்தத்தின் அடியில் சிறிய எழுத்தில் உள்ள நிபந்தனைகள். 'ரீட் த ஃபைன் பிரின்ட்' என்று நண்பர் சொன்னால் அது எச்சரிக்கை.

நோ ஸ்டிரிங்ஸ் அட்டாச்ட்: மறைமுகமான நிபந்தனை எதுவும் இல்லை. விளம்பரத்தில் இத்தொடரைக் கண்டால் அந்தச் சிறிய எழுத்துக்களை இன்னும் கவனமாகப் படிக்கவேண்டும்.

கிரிக்கெட் ஆங்கிலமும் பேஸ்போல் ஆங்கிலமும்

மேலே கண்ட 'ரெயின் செக்', 'போல்பார்க்' இரண்டும் ஒரே மைதானத்திலிருந்து வந்தவை. மழையால் பேஸ்போல் ஆட்டம் நின்றுபோனால் இன்னோர் ஆட்டத்துக்கு வரலாம் என்று கொடுத்த சீட்டுத்தான் முதல் 'ரெயின் செக்'. 'போல்பார்க்' என்பது பேஸ்போல் மைதானம்.

நம்மவர் இதை அறியாமல் இருப்பது இயல்பே. நாம் கற்ற ஆங்கிலத்தின் விளையாட்டு கிரிக்கெட். 'ஸ்டிக்கி விக்கெட்' என்றால் சங்கடமான நிலை என்றும், 'ஓஃப் ஹிஸ் ஓன் பட்' என்றால் யாரும் சொல்லாமல் தானாகச் செய்தது என்றும் நமக்குச் சட்டென்று விளங்கும். மொன்றியல் அலுவலகத்தில் இவற்றைச் சொன்னால் விழிப்பவர் பலர். இந்நகரத்தின் விளையாட்டுக்கள் வேறு. 1946இல் ஜாக்கி ரொபின்சன் மொன்றியல் ரோயல்ஸ் அணிக்கு ஆடினார். அடுத்த ஆண்டு அமெரிக்கப் பெரிய லீக்கின் நிறத்தடையை உடைத்தார். மொன்றியல் எக்ஸ்போஸ் அணி 1969 முதல் 2004 வரை இங்கே இருந்தது. அமெரிக்காவுக்கு வெளியே முதலாவது பெரிய லீக் ஆட்டம் 1969 ஏப்ரல் 14ஆம் தேதி ஜாரி பூங்காவில் நடந்தது. தமிழர் பலர் குடியேறிய பார்க் எக்ஸ்டென்சன் பகுதியை ஒட்டியிருக்கும் அதே பூங்காதான்.

பேஸ்போல் தந்த சில தொடர்கள்:

டச் பேஸ்: சுருக்கமாகத் தொடர்புகொண்டு நிலைமையைத் தெரிந்துகொள்ளுதல்.
ஸ்டெப் அப் டு த பிளேட்: முன்வந்து பொறுப்பேற்றல். இங்கே 'பிளேட்' சாப்பாட்டுத் தட்டு அன்று; துடுப்பாடுபவர் நிற்கும் இடத்திலுள்ள பலகை.
கேர்வ்போல்: எதிர்பாராத இக்கட்டு.
அவுட் ஒஃப் லெஃப்ட் ஃபீல்ட்: முன்பின் தொடர்பில்லாமல் திடீரென வந்தது.

பனி ஹொக்கியும் தன் பங்கைக் கொடுத்திருக்கிறது. உள்ளரங்கில் நடந்த முதலாவது ஹொக்கிப் போட்டியாகப் பதிவாகியிருப்பது 1875 மார்ச் 3ஆம் தேதி மொன்றியல் விக்டோரியா அரங்கில் நடந்தது. சிக்கலான விவகாரத்தைச் சாமர்த்தியமாகக் கையாள்வதை 'ஸ்டிக்ஹான்டில்' என்று கனடியர் சொல்வது இவ்விளையாட்டிலிருந்து வந்தது. 'டிரொப் த குளவ்ஸ்' என்றால் நேருக்கு நேர் சண்டைக்கு இறங்குதல். இரு உலகங்களுக்கும் பொதுவான தொடர் 'ஹட் டிரிக்'. 1858இல் இங்கிலாந்தில் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் எடுத்த ஸ்டீபன்சனுக்குத் தொப்பி பரிசளித்ததிலிருந்து இது வந்ததாகச் சொல்வர். ஹொக்கியில் ஒருவர் மூன்று கோல் போட்டால் இரசிகர்கள் தங்கள் தொப்பிகளைப் பனித்தளத்தில் வீசுகிறார்கள்.

கடல் கடந்து உரு மாறியவை

சில தொடர்களின் பொருள் ஒன்றே. ஒரு சொல் மட்டும் மாறும். நாம் கற்ற பிரித்தானிய வடிவத்தைச் சொன்னாலும் புரியும். ஆனால் கேட்கும்போது தடுமாறாமல் இருக்க இரண்டையும் அறிந்திருக்கலாம்.

'டச் வுட்' இங்கே 'நொக் ஒன் வுட்' (கண்ணூறு படாதிருக்க). 'ஸ்டோர்ம் இன் எ டீகப்' இங்கே 'டெம்பெஸ்ட் இன் எ டீபொட்' (அற்பத்துக்குப் பெரிய ஆரவாரம்). 'ஸ்கெலிட்டன் இன் த கப்போர்ட்' இங்கே 'இன் த குளோசெட்' (குடும்பத்தின் மறைத்த இரகசியம்). 'டிரொப் இன் த ஓஷன்' இங்கே 'டிரொப் இன் த பக்கெட்' (யானைப் பசிக்குச் சோளப்பொரி).

பொருளே தலைகீழாகும் ஒன்றும் உண்டு. சங்கக் கூட்டங்களுக்குப் போவோர் இதை மறக்கக்கூடாது. 'டேபிள் எ மோஷன்' என்றால் பிரித்தானிய வழக்கில் தீர்மானத்தை விவாதத்துக்கு முன்வைத்தல். அமெரிக்க வழக்கில் அதை ஒத்திவைத்தல். கனடிய நாடாளுமன்றம் பிரித்தானிய வழக்கைப் பின்பற்றுகிறது. கூட்டத்தில் எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கையை உயர்த்துங்கள்.

ஒரு கருத்து, மூன்று மொழி

கருத்து ஒன்றாக இருக்க, மொழிக்கு மொழி படம் மாறுவதை மொன்றியலில் நாள்தோறும் காணலாம்.

ஒரே முயற்சியில் இரு பயன்: ஆங்கிலத்தில் ஒரு கல்லில் இரண்டு பறவை, பிரெஞ்சில் ஒரு கல்லால் இரண்டு அடி, தமிழில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அதிக விலை: ஆங்கிலத்தில் ஒரு கையும் ஒரு காலும், பிரெஞ்சில் தலையிலுள்ள கண்கள், கியூபெக்கில் ஒரு கை, தமிழில் யானை விலை குதிரை விலை.

பெருமழை: ஆங்கிலத்தில் பூனையும் நாயும், பிரெஞ்சில் கயிறு கயிறாக, கியூபெக்கில் வாளி வாளியாக, தமிழில் பேய்மழை.

நடக்கவே நடக்காதது: ஆங்கிலத்தில் பன்றி பறக்கும்போது; பிரெஞ்சில் கோழிக்குப் பல் முளைக்கும்போது; தமிழில் குதிரைக்குக் கொம்பு முளைத்தால்.

பெரிய அறிவு தேவைப்படாத காரியம்: ஆங்கிலத்தில் 'இட்ஸ் நொட் ரொக்கெட் சயன்ஸ்'. கியூபெக்கில் 'இதற்குப் பப்பினோவின் தலை வேண்டியதில்லை' என்பார்கள். 1786இல் மொன்றியலில் பிறந்து, 1837இல் கிளர்ந்த தேசபக்தர் இயக்கத்துக்குத் தலைமை தாங்கிய லூயி ஜோசப் பப்பினோவின் அறிவுக்கூர்மை இப்படித் தொடராகி நிலைத்துவிட்டது. தமிழில் 'இதென்ன பிரம்ம வித்தையா?' என்போம்.

மொன்றியலுக்கே உரிய ஆங்கிலம்

இந்நகர ஆங்கிலேயரின் பேச்சில் பிரெஞ்சின் நிழல் உண்டு. விளக்கை அணைப்பதை 'குளோஸ் த லைட்' என்பார்கள். பிரெஞ்சில் விளக்கை 'மூடுவது' வழக்கம். வீடு கூட்டும் இயந்திரத்தால் துப்புரவு செய்வதை 'பாஸ் த வக்யூம்' என்பார்கள். மூலைக் கடையைப் பிரெஞ்சுச் சொல்லைச் சுருக்கி 'டெப்' என்பார்கள். 'கெட் டவுன் ஃபுரம் த கார்' என்பது நம் நாட்டு ஆங்கிலத்திலும் உண்டு. அவர்களுக்குப் பிரெஞ்சு, நமக்குத் தமிழ். இரண்டு மொழியிலும் வாகனத்திலிருந்து 'இறங்குவதே' வழக்கம். இவை மொன்றியலில் எவருக்கும் புரியும். ரொறன்ரோவில் நேர்முகத் தேர்வில் சொன்னால் புருவத்தை உயர்த்துவார்கள்.

கொடுத்தல் மட்டுமன்றி வாங்கலும் நடந்திருக்கிறது. 'டேக் எ வோக்', 'ஃபோல் இன் லவ்' என்ற ஆங்கிலத் தொடர்கள் அப்படியே கியூபெக் பிரெஞ்சாகியிருக்கின்றன. தமிழும் இதற்கு விலக்கல்ல. முதலைக் கண்ணீர், சிவப்பு நாடா, வெள்ளை யானை, தேன்நிலவு எல்லாம் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ந்து வந்து நம் மரபாகிவிட்டவையே.

தமிழ்த் தொடர் ஆங்கிலமாகும்போது

இதுவரை பார்த்தது ஆங்கிலத்தை நாம் தவறாக விளங்கிக்கொள்ளும் ஆபத்து. நாம் சொல்வதை அவர்கள் தவறாக விளங்கிக்கொள்ளும் ஆபத்து அதனிலும் பெரிது. அது அதிகம் வெளிப்படும் இடம் அகதிக் கோரிக்கை விசாரணை.

1985 ஏப்ரல் 4ஆம் தேதி சிங் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால், அகதிக் கோரிக்கையாளர் தம் கதையை நேரில் வாய்மொழியாகச் சொல்லும் உரிமை உறுதியானது. 1989இல் குடிவரவு அகதிகள் சபை தோன்றியது. வாய்மொழிச் சாட்சியத்தில் ஒவ்வொரு சொல்லும் எடைபோடப்படும். எழுத்தில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக வந்தால் முரண்பாடு என்பார்கள்.

ஈழத்தில் போர்க்காலம் பெற்றெடுத்த தொடர்களை எண்ணிப் பாருங்கள். 'மண்டையில் போட்டுவிட்டார்கள்' என்றால் சுட்டுக் கொன்றார்கள் என்று பொருள்; தலையில் எதையோ போட்டார்கள் என்று மொழிபெயர்த்தால் ஒரு கொலை காணாமல் போய்விடும். 'அள்ளிக்கொண்டு போனார்கள்' என்றால் சுற்றிவளைத்துக் கூட்டமாகப் பிடித்துச் சென்றது. 'தலையாட்டி' என்றால் முகமூடி அணிந்து இராணுவத்தின் முன் தலையை ஆட்டி ஆளைக் காட்டிக்கொடுப்பவர். தமிழ்நாட்டு வழக்கை மட்டும் அறிந்த மொழிபெயர்ப்பாளர் இதை எதற்கும் ஆமாம் போடுபவர் என்று விளங்கிக்கொள்ளலாம். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

எனவே சாட்சியம் சொல்லும்போது மரபுத்தொடரைத் தவிர்த்து, யார், எப்போது, என்ன செய்தார்கள் என்று நேரடியாகச் சொல்வது நல்லது. மொழிபெயர்ப்பு பிழையென்று தோன்றினால் அந்த இடத்திலேயே சொல்லவேண்டும். நடவடிக்கை நடக்கும் மொழி விளங்காத தரப்பினருக்கும் சாட்சிக்கும் மொழிபெயர்ப்பாளர் உதவி பெறும் உரிமையை 1982ஆம் ஆண்டு உரிமைகள் சாசனத்தின் 14ஆம் பிரிவு தருகிறது.

பழகுவதற்குச் சில வழிகள்

ஒரு தொடரைக் கேட்டதும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்காமல், யார் யாரிடம் எந்த நிலையில் சொன்னார் என்பதோடு குறித்து வையுங்கள். தொடரின் சொல்லை மாற்றாதீர்கள். 'கம்பி நீட்டினான்' என்பதைக் 'கயிறு நீட்டினான்' என்றால் எப்படியோ, ஆங்கிலத்திலும் அப்படியே. கேட்டுப் புரிந்துகொள்வது முதலில்; பேச்சில் பயன்படுத்துவது பிறகு. அகராதியில் தேடும்போது முதற்சொல்லை விட்டு, தொடரின் முக்கியச் சொல்லைத் தேடுங்கள்.

பிரெஞ்சையும் ஒதுக்கிவிட முடியாது. 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனத்தாலும் 2022இல் அதை இறுக்கிய சட்டத்தாலும் வேலைத்தலத்தின் எழுத்துமொழியும் அரச அலுவலகங்களின் மொழியும் பிரெஞ்சே. வளர்ந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்புகளுக்கு 2023 முதல் ஃபிரான்சிசேசன் கியூபெக் என்ற அரச சேவையில் பதிவு செய்யலாம்.

எல்லாத் தொடரையும் மனனம் செய்து முடிக்க எவராலும் இயலாது. புரியாதபோது சொல்வதற்கு ஒரு வாக்கியம் போதும்: 'பிளீஸ் டெல் மீ இன் சிம்பிள் வேர்ட்ஸ்.' புரிந்ததுபோல் தலையசைத்துவிட்டு வருவதைவிட, இப்படிக் கேட்டுத் தெளிவது எந்தக் கணக்கிலும் இலாபம். மருத்துவரிடமும் முதலாளியிடமும் விசாரணை அறையிலும் தயங்காமல் கேளுங்கள்.